முன் சீட்டில் ஒரு சமாதானம்

மழைக்கு மரியாதையே தெரியாது. ராடவுட்ஸ் என்ற சிறு நகரத்தின் பஸ் நிலையத்தில் அன்று மாலை அது குடையையும் பார்க்கவில்லை, புது ஷூவையும் பார்க்கவில்லை… கொட்டித் தீர்த்தது. மருந்துக்கடை வேலை முடிந்து ஓடி வந்த தமாரிஸ், பொயானா கிராமத்துக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறியபோது அவள் ஷூவுக்குள் ஒரு சின்னக் குளமே இருந்தது.

கோபமாகத்தான் ஏறினாள். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும். இரட்சிக்கப்பட்ட பெண்ணுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று சபையில் சொல்வார்கள். அவள் அதற்கும் கோபப்படுவாள்.

டிரைவர் புதியவன். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் அவன் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பஸ் டிரைவர்களின் முன்கண்ணாடி ஒரு குட்டிக் கோயில். தேவமாதா படம், மரச்சிலுவை, ஆடிக்கொண்டே வரும் ஜெபமணி, அதற்குப் பக்கத்திலேயே வெட்கமில்லாமல் ஒரு நீச்சலுடைக்காரி ஸ்டிக்கர்… இவன் கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. சிகரெட் வாசனை இல்லை. காதைக் கிழிக்கும் பாட்டு இல்லை. பின்சீட்டில் இருந்து ஒரு கிழவர், குளிருக்கு இதமாக இருக்கும் என்று பிளம் சாராய பாட்டிலை நீட்டினார்.

"வேண்டாம் தாத்தா. நான் குடிக்கிறதில்ல" என்றான்.

படம் இல்லை, புகை இல்லை, குடி இல்லை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இல்லையென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் மனந்திரும்பினவன். ஊர்க்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் அதைப் பெருமையாகவே சுமந்துகொண்டு திரிகிறார்கள். தமாரிஸ் அந்தச் சபையில் மூப்பராக இருக்கும் பிலிமோனின் ஒரே மகள். பாடகர் குழுவில் இரண்டாம் குரல்.

நம்ம ஆள்… என்று நினைத்ததுமே அவள் கோபம் பாதி வடிந்துவிட்டது.

"சமாதானம், பிரதர்."

இதை அவர்கள் கண்டவர்களிடமெல்லாம் சொல்ல மாட்டார்கள். வெளியாட்களுக்கு ஒரு வணக்கம் போதும். சமாதானம் என்பது வீட்டுக்குள் புழங்கும் சொல், விசுவாசிக்கு விசுவாசி கொடுப்பது.

டிரைவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் கண்களை உயர்த்தினான். சாம்பல் நிறக் கண்கள்… களைத்திருந்தன, ஆனால் ஓரத்தில் எங்கோ ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அவளுக்கு ஒரு கணம் மூச்சு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"சமாதானம்" என்றான் அவன், அடக்கமாக. "பின்னாடி ஜன்னல் ஒழுகுது. முன்னாடி வாங்க. ஹீட்டர் இருக்கு… உங்க ஷூ அழுவுது பாருங்க."

சபைக்கு வெளியே உள்ள உலகத்து ஆம்பளை ஒருவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருவதா? கனவில்கூட நடக்காது. ஆனால் இவர் பிரதர் ஆயிற்றே… அவள் போய் உட்கார்ந்தாள். அவன் ஹீட்டரை அவள் கால் பக்கம் திருப்பிவிட்டான். ஷூவிலிருந்து லேசாக ஆவி எழும்பியது. இரண்டு பேருமே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அந்த வசந்தம் முழுக்க மழை. அந்த வசந்தம் முழுக்க முன்சீட்டு.

அவன் பெயர் ஹோரியா. இத்தாலியில் லாரி ஓட்டிவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தவன். அதிகம் பேச மாட்டான், ஆனால் கேட்பான். இதுவரை தமாரிஸ் சொல்வதை இப்படி ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. மருந்துக்கடையில் தும்மலுக்கும் மூட்டுவலிக்கும் ஒரே மாத்திரை கேட்கும் கிழவிகளைப் பற்றிச் சொன்னாள். பாடகர் குழுவில் எல்லாக் குரலையும் அமுக்கிப் பாடும் சிஸ்டர் மினோதோராவைப் பற்றிச் சொன்னாள். ஒரு நாள், தன் ஞானஸ்நானத்தைப் பற்றியும் சொன்னாள். ஆற்றுத் தண்ணீர் பனிக்கட்டி போல இருந்ததை, வெள்ளை அங்கி காலைச் சுற்றிக்கொண்டதை, கரையில் நின்று அம்மா பாடியதை, அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மா இல்லாமல் போனதை… தண்ணீரிலிருந்து எழுந்தபோது உலகமே கழுவி வைத்த மாதிரி இருந்ததை. சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அவன் வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்தான், அவள் சொல்லி முடிக்கும்வரை ஊர் வந்துவிடக் கூடாது என்பது போல.

அன்றைக்கு இறங்கும்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ… இது வெறும் பிரதர் இல்லை.

தெரிந்த பிறகு நேர்வழியில் போவதுதான் அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை வாலிபர் கூட்டத்துக்கு அவனை அழைத்து, அப்பா கண்ணில் படும்படி உட்கார வைத்துவிட வேண்டும். அடுத்த நாள் ஏறியதும் கேட்டாள்.

"கேக்கணும்னே இருந்தேன் பிரதர். நீங்க எந்தச் சபை?"

"எந்தச் சபையும் இல்ல."

"புரியல."

"எங்கம்மா ஊர்க்கோயிலுக்குப் போவாங்க, மெழுகுவத்தி ஏத்துவாங்க. நான் வெளிய வண்டியில காத்திருப்பேன். எனக்கு… நம்பிக்கை வரலைங்க. வந்த மாதிரி நடிக்கவும் வரல."

தமாரிஸின் காது மடல் சிவந்தது. "அப்போ கண்ணாடியில படம் ஏன் இல்ல?"

"அம்மா மாட்டினாங்க. கழட்டிட்டேன். நம்பாதவன் அதைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரியிறது மரியாதை இல்லேன்னு தோணிச்சு."

"குடிக்கிறதில்லேன்னீங்க!"

"எங்கப்பா எல்லாருக்கும் சேர்த்துக் குடிச்சிட்டுப் போயிட்டாரு."

"அப்புறம் நான் சமாதானம்னு சொன்னப்போ எந்த உரிமையில பதில் சொன்னீங்க?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "சமாதானம்னு ஒருத்தர் சொன்னா… சண்டைன்னா பதில் சொல்றது?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான். தமாரிஸ் கைப்பையை அள்ளிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய், ஒழுகும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். ஊர்வரை தோளில் தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை. சொட்டட்டும். ஏமாந்த தோளுக்கு இது வேண்டும்.

அடுத்த நாளும் அங்கேயே போய் உட்கார்ந்தாள். மழை பெய்தது. ஆனால் சொட்டவில்லை. அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலுக்குப் புது ரப்பர் போட்டிருந்தான்.

என்ன திமிர்… ஒரு பெண்ணை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டானா? நனையாத தோளோடு உட்கார்ந்திருக்க அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ராடவுட்ஸ் எல்லையைத் தாண்டுவதற்குள் முன்சீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு அர்த்தம் இல்ல" என்றாள்.

"சரிங்க."

"உங்களுக்காக ஜெபம் பண்ணப் போறேன்."

"பண்ணுங்க. ஹீட்டர் போடவா?"

இனி அந்த நுகத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அந்நிய நுகம். விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் பிணைக்கப்படக் கூடாது. பொயானா சபையில் பெண் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். வேதத்தில் இருக்கிறது; இல்லையென்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. அந்த நுகம் எப்போதும் ஏன் பெண் பிள்ளைகளின் கழுத்தையே தேடி வருகிறது? மூப்பர் பிலிமோன் ஊருக்கு வெளியே மரம் அறுக்கும் மில் நடத்துகிறார். பங்காளி யார்? கோஸ்டிகா. காலையிலேயே சாராய வாடை அடிக்கும் கோஸ்டிகா, வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை தவிர வேறு வராத கோஸ்டிகா. மில் வாசல் பலகையில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே எழுத்தில், ஒரே பெயிண்டில். அதற்கு மட்டும் யாரும் வேதத்தைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். சுற்றியுள்ள குக்கிராமங்களில் நடக்க முடியாத வயதானவர்களை ஞாயிறுதோறும் சபைக்கு அழைத்து வர ஒரு மினி பஸ் வாடகைக்குப் பேசியிருந்தார்கள். அதன் டிரைவர் சாட்சாத் ஹோரியாதான். அவிசுவாசி ஓட்டும் வண்டியில் விசுவாசிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கலாம். ஒரே ஒரு விசுவாசி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் பரலோகம் ஆட்டம் கண்டுவிடும்.

சிஸ்டர் மினோதோராவின் கண்ணில்தான் அது பட்டது. டவுனில், மருந்துக்கடைக்கு எதிரே, ஒரே குடையின் கீழ் இரண்டு பேர் சூடாகப் பொரித்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவள் பெயர் சொல்லாமல் ஒரு "வழி தப்பும் ஆட்டுக்குட்டிக்காக" உரக்க ஜெபித்தாள். கண்ணை மூடி ஜெபித்தவர்கள் எல்லாரும் ஒரு கண்ணைத் திறந்து தமாரிஸைப் பார்த்தார்கள்.

பிலிமோன் கத்துகிற மனிதர் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் கோஸ் இலையில் சுற்றிய சர்மாலேயைப் பாதியில் வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, உண்மையா என்று மட்டும் கேட்டார். உண்மை என்றாள். விட்டுவிடு என்றார். மாட்டேன் என்றாள். நுகம் வந்தது. அவளும் மில் பேச்சை எடுத்தாள்.

"அது வியாபாரம்மா" என்றார் அவர். "ஒத்து வரலேன்னா நாளைக்கே பிரிச்சிட்டுப் போயிடலாம். கல்யாணத்தை அப்படிப் பிரிக்க முடியுமா? உன் சவேதா அத்தையைப் பாரு. என் தங்கச்சிதான். உலகத்தானைக் கட்டிக்கிட்டா. எத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை தனியா நடந்து வர்றா… மழைன்னாலும், பனின்னாலும். பக்கத்துல புருஷன் இல்ல, பிள்ளைங்க இல்ல. கடைசி பெஞ்சுல ஒத்தையா உக்காந்து அழுவா. நீயும் அப்படி நடந்து வர்றதை நான் பாக்கணுமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய்யாகப் பயப்படவில்லை என்பது தமாரிஸுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அத்தை தனியாக நடக்கும் அந்தப் பாதையில்தான் அப்பாவின் காரும் ஞாயிறுதோறும் போகும். சின்ன வயதில் பின்சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடி வழியாக அத்தையின் தலைத்துண்டு சின்னதாகிக்கொண்டே போவதை அவள் பார்த்திருக்கிறாள். சபை தள்ளி வைத்தவளுக்கு வண்டி நிறுத்தக் கூடாது என்று அன்று யாரோ சொன்னார்கள். தள்ளி வைத்தது எப்போதோ முடிந்துவிட்டது. நிறுத்தாத பழக்கம் மட்டும் முடியவில்லை.

"அத்தை தனியா நடந்தது மாமாவாலயா அப்பா?" என்று கேட்டாள். "நம்ம கார்ல இடம் இருந்துச்சே."

பிலிமோன் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மூப்பர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவர், நல்லவர்தான், ஒரு வழி சொன்னார். பெந்தெகொஸ்தே நாளில் ஆற்றில் ஞானஸ்நானம் இருக்கிறது. பையன் தண்ணீரில் இறங்கட்டும். இறங்கினால் அவனும் பிரதர்தானே? அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? இப்படி ஏற்கெனவே சிலர் இறங்கியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு மறு ஞாயிறே காணாமல் போனவர்களும் அதில் உண்டு. அதை யாரும் பேசவில்லை. கணக்கில் ஒரு ஆத்துமா, வீட்டில் ஒரு கல்யாணம், எல்லாருக்கும் நிம்மதி.

தமாரிஸுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதுதான் வெட்கக்கேடு. துள்ளிக்கொண்டு ஓடினாள். அன்று வண்டியில் வேறு யாரும் இல்லை. மழை கண்ணாடியில் தாளம் போட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஹோரியா வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"என்னை ஏற்கெனவே ஒரு தடவை என்னைக் கேக்காமலே முக்கி எடுத்துட்டாங்க, அம்மாவோட கோயில்ல, பச்சைக் குழந்தையா இருக்கறப்போ" என்றான். "இப்போ நானே பொய் சொல்லிட்டு முங்கணுமா?"

"பொய்யில்ல… ஒரு சம்பிரதாயம்னு நினைச்சுக்கங்களேன்."

"சம்பிரதாயமா? நீ தானே சொன்னே, உங்கம்மா கரையில நின்னு பாடினதை. எழுந்தப்போ உலகமே கழுவின மாதிரி இருந்துச்சுன்னு. அதைச் சொன்னப்போ உன் குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா உனக்கு? அந்தத் தண்ணியில நான் போய்ப் பொய் சொல்லணுமா?"

முதல் முறையாக அவன் அவளை நீ என்று சொல்லியிருந்தான். அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"எனக்காக ஒரு நிமிஷம் நனைய முடியாதா உங்களால?"

"மழையில நிக்கச் சொல்லு. விடிய விடிய நிக்கிறேன்."

"பெரிய நேர்மை!" அவள் கதவைத் திறந்தாள். "உங்களுக்கு என்னைவிட உங்க வீம்பு பெருசு. வெச்சுக்கிட்டு நல்லா இருங்க."

மழையில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே வண்டி மெதுவாக உருண்டு வந்தது, விளக்கைப் போட்டுக்கொண்டு, அவளுக்கு வழி தெரிவதற்காக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசல்வரை அது அப்படியே வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அதற்கப்புறம் அவள் வேறு பஸ்ஸில் போனாள். அதன் கண்ணாடியில் படம், மணி, நீச்சலுடைக்காரி எல்லாமே இருந்தன. டிரைவர் வழி முழுக்கப் புகைத்தான், மாதாவின் பெயரைச் சொல்லியே திட்டினான். தமாரிஸ் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நம்பாததால் படத்தைக் கழற்றியவன் ஒருவன். நம்புகிறேன் என்று மாட்டிக்கொண்டு அதற்கு முன்னாலேயே அசிங்கமாகப் பேசுகிறவன் ஒருவன். இவர்களில் யார் கடவுளுக்கு மரியாதை கொடுத்தான்?

அந்தக் கேள்வி மெதுவாகத் திரும்பி அவளையே பார்த்தது. சரி… நான் எந்தப் பக்கம்? நானும் அவரை, நம்பாமலே ஒரு படத்தை மாட்டிக்கொள்ளத்தானே சொன்னேன்?

அன்று வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் விழுந்து நெடுநேரம் அழுதாள்.

அந்த ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி. பையன் மறுத்துவிட்டான் என்று தெரிந்ததும் மூப்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பந்திக்கு முன் சகோதரி தமாரிஸ் சபை நடுவே எழுந்து நிற்க வேண்டும். தவறினேன், அவனை விட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அப்பமும் பாத்திரமும் உண்டு, பாடகர் குழுவில் இடம் உண்டு. சொல்லாவிட்டால் இரண்டும் இல்லை, கடைசி பெஞ்சு. அம்மா பாடிய அதே குழு அது. அம்மா நின்ற அதே இடத்தில்தான் அவள் நின்று பாடுவாள்.

மழை வலுத்திருந்தது. சபை முற்றத்தில் வயதானவர்களை இறக்கிவிட்டு மினி பஸ் நின்றது. முற்றத்துக் கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. உள்ளே பிரசங்கிப்பது ஊரில் மற்றவர்களுக்கும் கேட்கட்டும், அவிசுவாசிகளின் காதிலும் விழட்டும் என்று மூப்பர்களே ஆசையாகக் கட்டியது. அன்றைக்கு அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போதகர் அவள் பெயரைச் சொன்னார். தமாரிஸ் எழுந்தாள். தலைத்துண்டைச் சரி செய்துகொண்டாள். மூப்பர் பெஞ்சில் அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"நான் பாவம் பண்ணியிருக்கேன்" என்றாள். சபை நிம்மதியாக மூச்சு விட்டது. "ஆனா நீங்க நினைக்கிறது இல்ல. ஹோரியாவை நான் நேசிக்கிறேன். அதுக்கு மன்னிப்பு கேக்க எனக்கு வாய் வரல. நான் பண்ணின பாவம் வேற. அவர்கிட்டப் போயி, நம்பிக்கை இல்லேன்னாலும் பரவால்ல, தண்ணியில இறங்குங்கன்னு கேட்டேன். என் ஆண்டவர் பேரால ஒரு பொய் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அவர் மாட்டேன்னு சொன்னார். அவரை வீம்புக்காரர்னு திட்டிட்டு வந்தேன்."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நம்பாத மனுஷனுக்கு அந்தத் தண்ணி மேல பயம் இருந்துச்சு. நம்பற எனக்கு இல்லாமப் போச்சு. அந்த யோசனையைச் சொன்னவங்களுக்கும் இல்லாமப் போச்சு. நுகம் நுகம்னு சொல்றோம்… அவர் என்னோட சேர்ந்தா நான் கெட்டுப்போவேன்னு பயந்தீங்க. நாமதான் அவரைக் கெடுக்கப் பாத்தோம். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். நீங்களும் கேளுங்க."

சிஸ்டர் மினோதோராவின் உரத்த குரல்கூட அன்றைக்கு எங்கோ ஒளிந்துகொண்டது. பிறகு, வழக்கம் வழக்கம்தானே… அப்பத் தட்டு வரிசையாக வந்தது. பாத்திரம் வந்தது. தமாரிஸிடம் வந்தபோது அதைக் கொண்டுவந்தவரின் கை ஒரு கணம் தயங்கியது. தாண்டிப் போய்விட்டது.

அப்போதுதான் அவளுக்கு வலித்தது. அப்படி வலிக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் திகைத்தாள். கடைசி பெஞ்சில் சவேதா அத்தை நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அத்தையின் கை சொரசொரப்பாக, கதகதப்பாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவன் பஸ்ஸுக்குள் இல்லை. ஒலிபெருக்கிக் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான், தொப்பியில்லாமல், தலைமுதல் கால்வரை நனைந்து. சபை மொத்தமும் படியில் நின்று பார்த்தது. அவள் நேராக அவனிடம் போனாள்.

"கேட்டீங்களா?"

"ஊருக்கே கேட்டுச்சு."

"எவ்ளோ நேரமா நனையறீங்க?"

"நீ எழுந்து நின்னதுலேர்ந்து." அவன் கண்கள் சிவந்திருந்தன. அது மழையினால் இல்லை. "தமாரிஸ்… எனக்கு அழகாப் பேச வராது. உன்னை எனக்கு உயிரு. முதல் நாள் உன் ஷூவிலேர்ந்து ஆவி வந்தப்பவே. ஆனா நம்பறேன்னு என்னால சொல்ல முடியல. என்னைக்காவது சொல்லுவேனான்னும் தெரியல. கல்யாணத்துக்காக அதைச் சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஒண்ணு மட்டும் தர்றேன். ஞாயித்துக்கிழமை நீ தனியா நடந்து வர மாட்ட. கூட்டிக்கிட்டு வருவேன். முடியறவரைக்கும் வெளிய நிப்பேன். சாகறவரைக்கும்."

அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே தலைத்துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"நான் தினமும் உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். விடமாட்டேன்."

"பண்ணு. என்னைத் திட்டாம பண்ணு."

"அது முடியாது."

படியில் பிலிமோன் காரின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். மகளைப் பார்க்க அவருக்கு முகம் இல்லை. தன்னைத் தாண்டி, தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு மழையில் இறங்கப்போன தங்கையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"சவேதா… மழை பெய்யுது. வண்டியில ஏறு."

அத்தை நின்றாள். அண்ணனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அத்தனை ஞாயிறுகள் இருந்தன.

"அடுத்த வாரம் வரேன் அண்ணா. இன்னிக்கு எனக்கு வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு மினி பஸ்ஸில் ஏறி, ரப்பர் மாற்றிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஹோரியா முன்கதவைத் திறந்துவிட்டான். தமாரிஸ் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படியில் போதகர், மூப்பர்கள், மினோதோரா, அப்பா, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் யாருக்குச் சொல்வது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். முதல் நாள் தெரியாமல் சொன்னாள். இன்று அவன் யார் என்று முழுதாகத் தெரியும்.

அவனுடைய ஈரமான முகத்தை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சமாதானம், ஹோரியா."

பிரதர் என்று சேர்க்கவில்லை.

"சமாதானம்" என்றான் அவன். "ஏறு… ஷூ மறுபடியும் அழுவுது."